மண் மூச்சை அடக்கிய இரண்டு வருஷம்

கணக்கு டீச்சரை அடக்கம் செய்த மறுநாள் விடிவதற்குள் காடு மூச்சு விடுவதை நிறுத்திவிட்டது. முதலில் அதைக் கவனித்தது டீச்சரின் தங்கை. ஊரில் அவளுக்கு மண்காரி என்று பெயர். மலையடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தில் காட்டு மண்ணை ஆராய்வதுதான் அவள் வேலை. மண் மூச்சு விடும் என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழைய சங்கதி. உதிர்ந்த இலையைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்கின்றன. தின்றதில் ஒரு பங்கைக் கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. இலைக்குள் இருந்த நைட்ரஜனை வேருக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. மரம் அதை வாங்கி அடுத்த இலையை விடுகிறது. மண்காரி காட்டில் அங்கங்கே மண்மேல் தகர மூடிகளைக் கவிழ்த்து, அவற்றில் குழாய் செருகி, மண் விடும் மூச்சைக் கருவியில் அளந்துகொண்டிருந்தாள். லீவு போடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அக்கா இல்லாத வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு உட்கார முடியாமல் அவள் காட்டுக்குப் போனாள். கருவி பூஜ்யம் காட்டியது. பேட்டரியை மாற்றினாள், பூஜ்யம். குழாயைத் தன் வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். முள் துள்ளிக்கொண்டு எழுந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது. மண்தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் காட்டில் விழுந்த எதுவும் மக்கவில்லை. முதல் இலையுதிர் காலத்தில் இலை கணுக்கால் வரை கிடந்தது, அடுத்ததில் முழங்கால் தாண்டியது. போன வருஷத்து இலை நேற்று விழுந்ததுபோல் இருந்தது. ஓடைக்கரையில் செத்த முயல் தூங்குவதுபோலவே கிடந்தது. குழந்தைகள் அதைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊர் இதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. பூக்கடைக்காரி விற்காத பூக்களைக் காட்டு மண்ணில் குழி தோண்டி வைத்து அடுத்த மாதம் எடுத்து விற்றாள். ரொட்டிக்கடைக்காரரும் அப்படியே செய்யப்போய், எங்கே புதைத்தோம் என்று மறந்து பாதிக் காட்டைத் தோண்டினார். குளிர்சாதனப்பெட்டி விற்பவர் மட்டும் இது நல்லதுக்கில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் பேச்சில் சொந்த லாபம் இருந்ததால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிலையத்து இயக்குநருக்கோ தலைகால் புரியவில்லை. உலகமெல்லாம் காற்றில் கரி கூடுகிறது என்று கவலைப்படும் காலத்தில், ஒரு துளி கரியைக்கூட வெளியே விடாத காடு அவர் கையில் கிடைத்திருந்தது. தூரதேசத்து விஞ்ஞானிகள் வந்து மண்ணை முகர்ந்துவிட்டுப் போனார்கள். அவர் நாலு மேடைகளில் பேசினார், கோட்டு ஒன்று புதிதாகத் தைத்துக்கொண்டார். இரண்டாம் வருஷம் மரங்கள் வெளுக்க ஆரம்பித்தன. நைட்ரஜன் முழுக்கத் தரையில் கிடக்கும் இலைக்குள் மாட்டிக்கொண்டதால் வேருக்கு ஒன்றும் வரவில்லை; புதுத் தளிர் காகிதம்போல் மஞ்சளாக வந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, இடுப்பளவு காய்ந்த இலையைப் பார்த்து, ஒரு பீடித்துண்டு போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மண்காரி இயக்குநரிடம், “சார், இது கரியைச் சேத்து வைக்கல. பட்டினி கெடக்குது,” என்றாள். அவர், “இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே,” என்றார்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்துவிட்டாள். சர்க்கரைக் கரைசல் ஊற்றினாள், உரம் போட்டாள், மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து கலந்தாள். வந்த மண்ணும் சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் உயிர்கள் எல்லாம் இருந்தன, நலமாகவே இருந்தன, எதையும் தொடாமல் சும்மா இருந்தன. கடைசியில், எது வரைக்கும் இப்படி என்று பார்க்கக் கிளம்பினாள். இலை மக்கும் மண்ணும் மக்காத மண்ணும் சந்திக்கும் இடத்திலெல்லாம் முளை அடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நடந்தாள். முளைகளை வரைபடத்தில் சேர்த்தபோது ஒரு வட்டம் வந்தது, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. கணக்கு டீச்சரின் தங்கைக்கு வட்டத்தின் மையம் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மையம் காட்டோரக் கல்லறைத் தோட்டத்தில், அவள் அக்காவின் குழியில் இருந்தது.

அன்று முழுவதும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அக்கா இன்னும் அப்படியே இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவளுக்கு உண்டானது பயமல்ல, சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் அக்கா புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் இருந்த ஏழெட்டு லிப்டுகளும் அவர் கையால்தான் ஓடின. மனைவி போனபின் வேலைக்கு ஒழுங்காகப் போனார், வீட்டையும் துடைத்து வைத்திருந்தார், ஆனால் ஒரே தட்டில் சாப்பிட்டு அதையே கழுவிக் கவிழ்த்துவந்தார். சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததும் மண்காரி சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

“அத்தான், அடக்கத்தன்னைக்குக் குழிகிட்ட குனிஞ்சு என்னமோ சொன்னீங்களே, என்ன சொன்னீங்க?”

அவர் கொஞ்ச நேரம் மேசைத்துணியின் மடிப்பை நீவினார். “உங்க அக்காவுக்குப் புழுன்னா எவ்வளவு பயம்னு உனக்கே தெரியும். மழைக்கு வாசல்ல ஒண்ணு நெளிஞ்சா நாற்காலி மேல ஏறி நிப்பா. அதான் மண்ணுகிட்ட கேட்டுக்கிட்டேன். இவள மட்டும் தொட்டுடாதேன்னு.”

மண்காரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இலைக்கும் முயலுக்கும் மனுஷிக்கும் நடுவே மண் என்றைக்கும் வித்தியாசம் பார்த்ததில்லை. ‘மட்டும்’ என்ற சொல் அதற்குப் புரியவில்லை. தொடாதே என்பது புரிந்தது. ஒருத்தரையும் ஒன்றையும் தொடாமல் இரண்டு வருஷமாக வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

“சொன்னதத் திரும்ப வாங்கிக்கணும் அத்தான்.”

“முடியாது,” என்றார் அவர். எழுந்து போய்த் தட்டைக் கழுவினார். தட்டு ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரை அவள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இலைக்குள் நீந்துவதுபோல் நடந்தார்கள். வெளுத்த மரங்களை அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இந்த இலை கீழே கரைந்தால்தான் மேலே இலை வரும் என்று அவள் சொன்னதும், “லிப்டுலயும் எதிர்ப்பக்கத்து எடை எறங்கினாத்தான பெட்டி ஏறும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கல்லறைத் தோட்டத்துக்கு வந்ததும் குழியருகே உட்கார்ந்துவிட்டார்.

“நான் விட்டுட்டா அவ எங்க போவா?”

இந்தக் கேள்விக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லி நகர்ந்துவிட அவளால் முடியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். “அவ உடம்புல இருக்குற கரியில பாதிக்கு மேல காத்தா வெளிய வரும். இந்தச் சரிவுல இருக்குற இலையெல்லாம் அத இழுத்துக்கும். நைட்ரஜன் பூஞ்சை நூல் வழியா வேருக்குப் போகும். அதோ அந்தப் பெரிய மரத்துக்குப் போய்ச் சேர நாலஞ்சு வருஷம் ஆகலாம். கொஞ்சம் மண்ணோடயே தங்கிடும், நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும். எதுவும் காணாமப் போகாது அத்தான். அத என்னால அளந்தே காட்ட முடியும்.”

“புழு?”

“வரும். பொய் சொல்ல மாட்டேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் கையை நீட்டினாள், சிரித்துக்கொண்டிருந்தார். “கத்தி ஊரக் கூட்டிருப்பா,” என்றார். “நாற்காலி எங்கடான்னு என்னத்தான் திட்டுவா.” அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கம் நடந்த நாளிலிருந்து வராத அழுகையும் கூடவே வந்தது. இருவரும் குழியின் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு லிப்ட்காரர் முட்டி போட்டு, மண்ணுக்கு வாயைக் கொண்டுபோய், அந்நியரிடம் உதவி வாங்கியவர்போல மரியாதையாகச் சொன்னார்: “ரொம்ப நன்றிங்க. இதுவரைக்கும் பாத்துக்கிட்டது போதும். இனிமே உங்க வேலையப் பாருங்க.”

மண் மூச்சை விட்டது. முதலில் குழியின் மேலிருந்த புல் நிமிர்ந்தது. பிறகு வெதுவெதுப்பான காற்று ஒன்று தரையிலிருந்து கிளம்பி வட்டமாக விரிந்தது. காடு முழுக்க இலைகள் ஓர் ஆள் உயரம் எழும்பி, அப்படியே மெதுவாக அமர்ந்தன. தகர மூடிகள் தொப்பிகள்போல் பறந்தன. ஊரில் ஜன்னல் திரைகள் வெளிப்பக்கமாகப் புடைத்தன, கடைகளில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கொட்டாவி விட்டார்கள், பல மாதங்களாகத் தூங்காத தீயணைப்பு அதிகாரி நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அன்றிலிருந்து மண் பாக்கி வேலையை முடிக்கும் மும்முரத்தில் இருந்தது. காட்டுக்குள் நின்றால் இலைகள் கரையும் சத்தம், தூறல் விழுவதுபோல், காதில் கேட்டது. மழைக்காலம் முடிவதற்குள் தரை தெரிந்தது. முயல் போய்விட்டது. பூக்கடைக்காரி தன் பூக்களுக்காக ஒரு வாரம் புலம்பினாள். ரொட்டிகள் இருந்த இடங்களில் காளான் முளைத்ததால் ரொட்டிக்கடைக்காரருக்கு அவை எங்கே என்று ஒருவழியாகத் தெரிந்தது. இயக்குநர் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. அடுத்த பருவத்தில் தளிர்கள் கரும்பச்சையாக வந்ததைப் பார்த்தபின், மரம் பச்சையாக இருப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

மண்காரி இதைக் கட்டுரையாக எழுதினாள். அந்த இரண்டு வருஷம் மண் ஏன் மூச்சு விடவில்லை என்பதற்கு, ‘குடும்பத்தார் ஒருவர் கேட்டுக்கொண்டதால்; பின்னர் அவரே வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்’ என்று காரணம் எழுதினாள். கட்டுரையைப் பரிசீலித்த இரண்டு நிபுணர்களும் அதில் குறை காணவில்லை. மூன்றாவது படத்தில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.

லிப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அங்கேயே புல்லில் சற்றுக் கண்ணயர்கிறார். அடியிலிருந்து வரும் வெதுவெதுப்பான மூச்சு அவர் சட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வெயில் காலத்தில் மண் வேகமாக மூச்சு விடும், குளிர் காலத்தில் மெதுவாக விடும். அதனால் குளிர் காலத்தில் மட்டும் ஒரு போர்வை எடுத்துக்கொண்டு போகிறார்.