எட்டுப் புள்ளிக் கட்டத்தில் தமிழ்

யசோதினி எழுதிய மடலை ராஜலிங்கம் சேர் மூன்றாவது தடவையும் அழித்துவிட்டார்.

அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. குண்டசாலையில் விடிந்ததிலிருந்து மழை, பஸ்ஸுக்கு நின்று நனைந்துபோனேன், பழைய கொமடோர் கணினியின் கீபோட்டுக்கு ஸ்பிரிங் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டிருந்தாள். தமிழில் கேட்டிருந்தாள். அதுதான் குற்றம்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் எண்பதுகளின் வீட்டுக் கணினிகளைத் தேடிப் பிடித்துத் திருத்தி வைத்திருக்கிறவர்களின் சின்னக் கழகம் அது. ஒவ்வொருவர் கணினியின் பின்புறத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு வைஃபை மோடம் செருகியிருக்கும். கணினி என்னவோ யாருக்கோ டெலிபோன் எடுப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். உண்மையில் அது வீட்டு இன்டர்நெட் வழியாகப் போய், அம்பிட்டியவில் ராஜலிங்கத்தின் மேசையில் இருக்கும் இன்னொரு கொமடோரின் கதவைத் தட்டும். ஒருவர் எழுதுவதை எல்லாரும் வாசிக்கும் கழகத்தின் மடல் பலகை அங்கேதான் ஓடியது. அதன் தலைவர், காவல்காரர், தீர்ப்புச் சொல்பவர் எல்லாம் அவரே.

அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. யசோதினிதான் கற்றுக்கொடுத்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை அவளுக்கு. லீவு நாட்களில் உட்கார்ந்து, எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். ‘ட’ சொன்ன பேச்சைக் கேட்டது. ‘ஞ’ ஒரு கட்டத்துக்குள் அடங்கவே மாட்டேன் என்றது, இரண்டைக் கொடுத்தாள். முடித்ததும் கழகத்தில் எல்லாருக்கும் பிரதி அனுப்பினாள். அதை ஏற்றிக்கொண்டவர்கள் தமிழை வாசித்தார்கள். ஏற்றாதவர்களின் திரையில் சீட்டுக்கட்டு ஹார்ட்டும் ஸ்பேட்டும் கோணல் கோடுகளுமாக வந்து விழுந்தன.

“திரையெல்லாம் குப்பையாகுதுன்னு ஆளுங்க சொல்றாங்க, புள்ள. இங்கிலீஷ்ல எழுதுங்க. யாருக்கும் கரச்சல் இல்ல” என்றார் ராஜலிங்கம் போனில்.

“யார் சேர் சொன்னாங்க?”

“யாரும் சொல்ல முந்தியே நாம பார்த்துக்கணும்.”

அப்போது அவளுக்குப் புரிந்தது. முறைப்பாடு செய்த ஆள் என்று ஒருவரும் இல்லை.

“எண்பத்து மூணு கலவரம் நடக்கக்குள்ள நீங்க பொறக்கவே இல்ல” என்றார் அவர். குரல் தாழ்ந்துவிட்டது. “நான் இந்த டவுன்ல வாயே தொறக்காம ஒரு வாரம் ஒரு ஸ்டோர் ரூமுல கெடந்தவன். தமிழ்னு ஒன்ன முன்னால வச்சா என்ன வரும்னு எனக்குத் தெரியும். நம்மளால கழகத்துக்கு ஒரு வம்பு வேணாம்.”

யசோதினிக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டது. ஆனாலும் போனை வைக்க முன் சொல்லிவிட்டாள்.

“நீங்க பயந்தது நியாயம் சேர். அதுக்காக நானும் பயந்து காட்டணுமா?”

நான்காவது மடலை எழுதப் போனபோது அவளுடைய கணக்கு பூட்டப்பட்டிருந்தது.

அந்தக் கோபத்தில்தான் அவள் சொந்தமாக ஒரு பலகையைத் தொடங்கினாள். வெளிநாட்டு ஆள் ஒருவர் இலவசமாக விட்டிருந்த மென்பொருளை எடுத்து, பிரித்து, தமிழ் எழுத்துக்கு ஏற்றபடி மாற்றினாள். உள்ளே வருகிறவர்களுக்கென்று ஒரு சிறு புரோகிராமும் எழுதினாள். எழுத்துகள் அதற்குள்ளேயே இருக்கும். சோதித்துப் பார்த்தவள் அக்குறணையில் இருக்கும் நுஹா. கழகத்தில் தமிழ் பேசும் இன்னொரு பெண் அவள் மட்டுந்தான்.

“யசோ, வருது! ‘ழ’ மட்டும் வால் உடைஞ்சீக்கி” என்று போனில் கத்தினாள் நுஹா.

வாலை ஒட்டினாள்.

கழகத்தின் பகிரங்கக் கண்காட்சி ஒரு சனிக்கிழமை காலை, டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கணக்கைப் பூட்டினாலும் ராஜலிங்கம் அவளுக்கு ஒரு மூலையில் மேசை ஒதுக்கியிருந்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டினால் போதும் என்று. யசோதினி விளையாட்டு எதுவும் கொண்டுபோகவில்லை. தன் பலகையை ஏற்றி, மோடத்தைத் தன் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தாள். திரையில் ‘வாங்க’ என்று பெரிதாக எழுதிவிட்டு நுஹாவுக்காகக் காத்திருந்தாள். நுஹாவின் பிள்ளைக்குக் காய்ச்சல். அது தூங்கினால்தான் அவள் வீட்டிலிருந்து பலகைக்குள் வர முடியும்.

ஆட்கள் கூடினார்கள். ராஜலிங்கமும் வந்தார். திரையைப் பார்த்தார். முகம் இறுகியது.

“அணைங்க.”

“மாட்டேன் சேர்.”

“எல்லாரும் பார்க்கிறாங்க, யசோதினி.”

“பார்க்கத்தானே வந்திருக்காங்க.”

அவர் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைக் கழற்றினார். திரை இருண்டது. யசோதினிக்கு அழுகை வந்தது. ஆனால் அழவில்லை. அவர் கையிலிருந்த பிளக்கை வாங்கினாள். பிடுங்கவில்லை, கையை நீட்டி வாங்கினாள். மறுபடி செருகினாள்.

“இன்னொரு தரம் கழட்டினாலும் போடுவேன்” என்றாள். “மத்தியானம் வரைக்கும் நாம ரெண்டு பேரும் இதயே செஞ்சுக்கிட்டு இருக்கலாம்.”

அந்தக் கணினிகளுக்கு அவசரம் தெரியாது. எல்லாம் முதலிலிருந்து ஏறி முடியும் வரை ராஜலிங்கம் அதே இடத்தில் நின்றார். திரும்பவும் குனியவில்லை.

‘வாங்க’ வந்தது. அதன் கீழே, சற்று நேரத்தில், யாரும் தொடாமலே எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

புள்ள தூங்கிட்டான். நான் வந்துட்டேன். யார் அங்க?

கூட்டத்தில் ஒரு பெண் அதை வாய்விட்டு வாசித்தாள். மேபல் என்று பெயர், மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். “நான் எழுதலாமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த ஆங்கில விசை என்று யசோதினி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டினாள்.

நான் மேபல். மடுல்கெல்ல.

பதில் உடனே வந்தது.

மடுல்கெல்லயா! எங்கட வாப்பா அங்க கடை வெச்சீந்தாரு. பஸ் நிக்கிற எடத்துல.

“ஆத்தாடி, முஹைதீன் நானா கடையா?” என்று கூவிவிட்டாள் மேபல், நுஹாவுக்குக் கேட்கும் என்பதுபோல. மண்டபமே சிரித்தது. சிங்களப் பையன்கள் இருவர் என்ன விஷயம் என்று கேட்க, யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவன் யசோதினியிடம், சிங்கள எழுத்தும் இந்தக் கட்டத்துக்குள் வருமா என்று கேட்டான்.

“வரும். வட்டம்தான் கஷ்டம். வாங்க, வரைவோம்” என்றாள் அவள் சிங்களத்தில்.

திரும்பிப் பார்த்தபோது ராஜலிங்கம் அங்கே இல்லை.

அவர் மனம் மாறினார் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் கழகத்தின் கமிட்டி கூடிற்று. கண்காட்சியில் ஒழுங்கை மீறியதாக யசோதினியைக் கழகத்திலிருந்து இடைநிறுத்தினார்கள். அன்று பின்னேரம் ராஜலிங்கமே அவளுக்குப் போன் எடுத்தார்.

“நான் பேசி வச்சிருக்கேன், புள்ள. உங்க பலகைய மூடிட்டு வாங்க. ஞாயித்துக்கெழமைல மட்டும் தமிழுக்கு ஒரு பக்கம் நம்ம பலகையிலயே தாறோம். கழகத்துப் பேர் போடாம.”

அவருக்கு அது பெரிய விட்டுக்கொடுப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. கமிட்டியில் அவர் ஒருவரே அதற்காக வாதாடியிருப்பார் என்பதும் தெரிந்தது.

“சேர், நீங்க எனக்காகப் பேசினதுக்கு நன்றி. ஆனா ஞாயித்துக்கெழமைத் தமிழ் எனக்கு வேணாம்.”

“அப்ப கழகம்?”

“நான் வரல்ல. நீங்கதான் எங்க பலகைக்கு வரணும். உங்களுக்குக் கணக்குத் தொறந்து வச்சிருக்கேன். எந்த மொழில எழுதினாலும் நான் அழிக்க மாட்டேன்.”

அவர் “பிடிவாதக்காரப் புள்ள” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

யசோதினி கொமடோர் பக்கம் திரும்பினாள். மட்டக்களப்பிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து, தன்னிடமிருக்கும் பழைய ஸ்பெக்ட்ரம் கணினியிலும் இந்த எழுத்துகள் ஓடுமா என்று கேட்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினாள்.