அக்குள் பவுடர்

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி ஊரைவிட்டுப் போன மறுவாரம், கிளெனிஸை நகரத்து மருத்துவமனைக்கு வரச் சொல்லி போன் வந்தது. "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றும் சொன்னார்கள். தோழி ரேலீன் காரை ஓட்டினாள்.

"அக்குள்ல பவுடர் போட்டுட்டுப் போயிருப்ப. படத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். என்னையும் அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. லூசு மாதிரி அழுதேன்."

"ஆமாடி, போட்டுட்டுத்தான் போனேன்."

கோதுமை வயல்களைத் தாண்டும் வரை கிளெனிஸ் அந்தப் பவுடரையே நம்பிக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனை வாசலில் ரேலீன் ஈரத்தாள் ஒன்றை நீட்டினாள். "இந்தத் தடவையாவது நல்லாத் துடைச்சிட்டுப் போ."

கிளெனிஸின் கை அந்தரத்தில் நின்றது. அன்றைக்கு வண்டியில் படமெடுத்த பெண்ணும் இப்படித்தான் ஒரு ஈரத்தாளை நீட்டினாள். இவள் இரண்டு அக்குளையும் அழுத்தித் துடைத்த பிறகுதான் அவள் படமே எடுத்தாள்.