மிஷினுக்கு வெள்ளை தெரியாது

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பேக்கரியில் தேங்காய் பன்னுக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் தன் மனைவியிடம், "மிஷினுக்கு வெள்ள தெரியாதுடி" என்றார். அந்த அம்மாள் டீ புரையேறச் சிரித்தார். பன் வருவதற்குள் இருவரும் எழுந்து போய்விட்டார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நானே கட்டியது, கூசாமல் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'பனியன் கம்பெனிகளின் சங்கொலியில் ஊர் கண்விழிக்கும் அதிகாலையில், முனீஸ் தன்—'

[வேண்டாம். எந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் எனக்கு அதிகாலை வந்து தொலைக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: முனீஸ் ஸ்டோருக்குப் போய், "டேப் குடுங்கண்ணே, மேடம் வாங்கிக்கிறச் சொன்னாக" என்றான். ஸ்டோர்காரர் இஞ்ச் டேப்பை எடுத்து நீட்டினார்.

"இது இல்லண்ணே. படம் வரையிற டேப்பு."

"துணி வெட்டறவருக்கு எதுக்குங்க படம்?"

இது இருக்கட்டும். முனீஸ் கட்டிங் மாஸ்டர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அடுக்கடுக்காக விரித்த துணியின்மேல் யாரோ கோடு வரைந்து தருவார்கள். அதன்மேல் கத்தி மிஷினை ஓட்டுவது அவன் வேலை. நூலளவு பிசகாது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு கோடுகூட அவனுடையதில்லை. அது அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. குழந்தைப் போர்வைக்குப் புது டிசைன் வேண்டும், டேப்லெட்டில், அதாவது அந்த டேப்பில், வரையக் கற்றுக்கொள்ள யாருக்கு இஷ்டம் என்று முதலாளியம்மா சுபஸ்ரீ கேட்டபோது, யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டான்.

(போர்வை என்றால் சாதாரணப் போர்வை இல்லை. மேலும் கீழும் துணி, நடுவில் பஞ்சு. பஞ்சு நகராமலிருக்க மூன்றையும் சேர்த்துப் படம் படமாகத் தைப்பார்கள். குயில்டிங் என்று பெயர். டேப்பில் வரையும் கோடு எதுவோ, கம்ப்யூட்டர் மிஷினின் ஊசி அதன்மேலேயே ஓடும். கோடு என்றதும் கோலம் எப்போது வரும் என்று காத்திருக்கும் வாசகருக்கு: வராது.)

3

"இதுதானுங்ண்ணா லேயர். ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கலாம்" என்றாள் சுபஸ்ரீ.

மற்றப் பட்டனெல்லாம் முனீஸுக்குப் பூச்சி காட்டின. லேயர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். லேயரா? தினமும் விரித்து வெட்டுவதே லேயர்தானே. அதைப் போய் அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அங்கேதான் சறுக்கினான். மயில் வரைந்தான், கோழியாக வந்தது. அழிக்க மனசு வரவில்லை. கட்டிங் மேசையில் மேலே இன்னொரு துணியை விரித்தால் கீழே இருப்பது மறைந்துபோகும். அதையே இங்கேயும் செய்தான். புது லேயர் எடுத்து, வெள்ளைத் துணி விரிப்பது போல முழுக்க வெள்ளையை நிரப்பினான். கோழி போயிற்று. அதன்மேல் ஆட்டோ வரைந்தான், அது தவளை மாதிரி குந்தியிருந்தது. மறுபடி வெள்ளை. அப்புறம் வேல்விழியின் முகம், பக்கவாட்டில். மூக்கு நீண்டுவிட்டது. அதற்கும் வெள்ளை.

வேல்விழி அவன் மனைவி, அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "என்னத்ததான் வரையிறீக, காட்டுங்களேன்" என்று அவள் வந்தால் டேப்பைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

கொடுக்க வேண்டிய நாள் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நெட்டில் கிடந்த ஒரு பூ வளையத்தை எடுத்து, கடைசி வெள்ளையின்மேல் வைத்து, அதன்மேல் அப்படியே கோடு ஓட்டி, அதையே டிசைன் என்று கொடுத்துவிட்டான். நூல் பிசகவில்லை. பிசகுமா அவனுக்கு?

[இந்த இடத்தில் அவனைத் திட்டி ஒரு பத்தி எழுதினேன். பயந்தவனைத் திட்ட ரொம்பத் திறமை வேண்டாம் என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.]

4

மிஷினுக்கு வெள்ளை தெரியாது. எந்த லேயரில் கிடந்தாலும் அதற்குக் கோடு மட்டும்தான் தெரியும்.

சாம்பிள் போர்வை வெளியே வந்தது. பூ வளையம் இருந்தது. வளையத்துக்குள் கோழி, கோழியின் வாலை மிதித்தபடி ஆட்டோ, ஆட்டோவுக்குள் சவாரி ஏறிய ஒரு மூக்கு. தையல் லைனே வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டது. வேல்விழி அந்தத் தையல்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவளுக்கு என் மூக்குத்தி எதுக்கு?"

முனீஸ் தலை நிமிரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. சுபஸ்ரீ போர்வையை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"இந்தப் பூவு நெட்டுல பாத்ததுங்களாண்ணா?"

"ஆமா மேடம்."

"அதுக்கு அடியில இருக்கறதெல்லாம்?"

"அது... நானா சும்மா கிறுக்குனது மேடம்."

5

இப்போது முடிவு வேண்டும்.

முடிவு அ: சுபஸ்ரீ போர்வையை அவன் முகத்தில் வீசுகிறாள். [கொங்கு நாட்டில் அப்படியெல்லாம் வீச மாட்டார்கள். 'பாத்துக்கலாங்ண்ணா' என்பார்கள். அர்த்தம் அதேதான்.]

முடிவு ஆ: சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அந்தக் குழப்பத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் பெரிய ஆர்டராக— [உங்கள் காதில் பூச்சுற்ற எனக்கு மனசில்லை.]

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். சுபஸ்ரீ போர்வையை மடித்து வைத்தாள். "இது ரிஜெக்ட்டுங்ண்ணா. நெட்டுல இருக்கறதயும் பையருக்கு அனுப்ப முடியாதுங்க, கண்டுபுடிச்சுருவாங்க. சாயங்காலம் கூரியர் வருது. அதுக்குள்ள உங்க கையால ஒண்ணு வரைஞ்சு தர முடியுங்களா? முடியலீன்னா பரவால்லீங்க, கோயமுத்தூர்ல ஒருத்தருகிட்டச் சொல்லிக்கறேன்."

முடியாது என்று சொல்லத்தான் முனீஸ் வாயைத் திறந்தான். வேல்விழி முந்திக்கொண்டாள்.

"தருவாக மேடம்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "என் மூக்க இம்புட்டு உத்துப் பாத்த மனுசன் வரையாம வேற யாரு வரைவா?" என்றாள்.

அவனுக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை. கட்டிங் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து புதுப் பக்கத்தைத் திறந்தான். என்ன வரையப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவளைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னான். அவள் முகம் மலர்ந்தது. ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

6

அவன் சொன்னதை இட்டுக்கட்ட எனக்கு வராதா என்ன? நாலைந்து படங்கள் யோசித்தும் வைத்திருந்தேன், ஒன்று நன்றாகவே இருந்தது. எழுதப் போகும்போதுதான் உறைத்தது. நான் ஒன்றைச் சொன்னால் அவன் அதன்மேல் பேனாவை ஓட்டிவிடுவான், நூலளவும் பிசகாமல். அதுவும் இன்னொருவர் போட்ட கோடாகிவிடும்.

முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் நழுவியிருக்கலாம். மன்னிக்க வேண்டும், உங்களிடமும் தர மாட்டேன். நீங்களும் கோடு போட்டுத்தான் கொடுப்பீர்கள்.

கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், திரையில் நம் நிழல் விழுகிறது. அவன் பேனாவை எடுத்துவிட்டான்.