எடைக் கொட்டகைப் படபடப்பு

என்னைப் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். சிரிக்க வேண்டாம். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும் கிளார்க் நான். பெயர் ரவிக்குமார். ஒரு நாளைக்கு மூன்று முறை எடை. பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து வந்து, குனிந்து, தராசில் இறக்குவார்கள். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும் என்பதால் சாக்குக்கு இரண்டு கிலோ கழிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. எங்கள் பக்கம் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே தினமும் மூன்று வேளையும் எனக்குத் திட்டு. "மனசாட்சியை ஊட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்பதுதான் அதில் மரியாதையான திட்டு.

அந்தக் கூட்டத்தில் என்னோடு சண்டை போடாத ஒரே ஆள் இந்துமதி. சாக்கை இறக்குவாள், நிமிர்வாள். சில நாள் அப்படியே பக்கத்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, முகம் சிவக்க என்னைப் பார்ப்பாள். "தண்ணிக்கு ரெண்டு கிலோ" என்பேன். தலையை மட்டும் ஆட்டுவாள். நான் நீலச் சட்டை போட்ட நாட்களில்தான் இப்படி ஆகிறது என்று கண்டுபிடித்து, இன்னும் இரண்டு நீலச் சட்டை எடுத்தேன்.

அவளுடைய தோழி கெஸியா ஒரு நாள் என்னிடம் வந்து, "உங்களைப் பார்த்தா இந்துவுக்கு நெஞ்சு படபடங்குதாம். என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். என்ன பண்ணுவேன்? கால் தரையில் படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவைப் பெண் கேட்க அனுப்பினேன். இந்துவின் அப்பா ஆண்டி இலங்கையிலிருந்து சின்ன வயதில் வந்தவர். "கணக்கப்புள்ள வீட்டுச் சம்பந்தமா?" என்று மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். வெற்றிலை பாக்கு மாற்றினோம். தையில் கல்யாணம்.

ஐப்பசியில் ஒரு நாள் பகல் எடை. இந்து சாக்கை இறக்கினாள், நெஞ்சில் கை வைத்தாள், உட்கார்ந்தாள். அன்றும் நீலச் சட்டைதான். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவாள். அன்று அரை மணி நேரம் ஆகியும் எழவில்லை. உதடு வெளுத்து, "கண்ணு இருட்டுதுங்க" என்றாள். என் பெருமையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நர்ஸ் ஈ.சி.ஜி. எடுத்தாள். நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. எனக்கு மறுபடியும் புத்தி கெட்டது. "சிஸ்டர், நான் பக்கத்துல நிக்கறதாலதான் கூடுதலா அடிக்குது. வேணும்னா நான் வெளியே போகட்டுங்களா?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "போய் நில்லுங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "நீங்க உள்ளே இருந்தாலும் நூத்தித் தொண்ணூறு, வெளியே இருந்தாலும் நூத்தித் தொண்ணூறு. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சைக் கொடுத்து, மூச்சை இழுத்து அதற்குள் பலமாக ஊதச் சொன்னார்களாம். ஊதி முடித்த கையோடு படுக்க வைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்களாம். நூற்றுத் தொண்ணூறு எண்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. இந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் இரண்டு வருடப் படபடப்பைக் காலி சிரிஞ்ச் ஒன்று நிறுத்திவிட்டதே என்று உள்ளுக்குள் குத்தியது.

கோயம்புத்தூரில் தரணிதரன் என்ற இதய டாக்டரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டி மாமா, இந்து, நான் மூன்று பேரும் போனோம். டாக்டர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார்.

"இதயம் துடிக்கிறதுக்கு உள்ள ஒரு மின்சாரம் ஓடுதும்மா. அது போறதுக்கு ஒரு பாதை உண்டு. உங்களுக்குப் பிறப்பிலேயே கூடுதலா ஒரு பாதை இருக்கு. சில நேரம் மின்சாரம் அதுல நுழைஞ்சு சுத்திச் சுத்தி வருது. அதுதான் படபடப்பு."

"குறுக்குப் பாதை!" என்றார் மாமா. "நம்ம சிலோன்ல தேயிலைக்குள்ள ஆளுக குறுக்குப் பாதை போட்டுருவாங்க. தொரை முள்ளு வச்சு அடைப்பாரு."

"அதேதான் ஐயா. முள்ளுக்குப் பதிலா நாங்க சூடு வச்சு அடைப்போம்" என்று டாக்டர் சிரித்தார். மூன்று வழி சொன்னார். வரும்போது சிரிஞ்சில் ஊதிச் சமாளிக்கலாம், அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வராமல் தடுக்கத் தினமும் மாத்திரை சாப்பிடலாம். இல்லையென்றால் தொடை வழியாக இரத்தக் குழாயில் மெல்லிய கம்பிகளை இதயம் வரை செலுத்தி, அந்தப் பாதையைச் சுட்டு அடைக்கலாம். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடும். எல்லாம் சொல்லிவிட்டு, "எப்ப வருது?" என்று கேட்டார்.

இந்து என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "எடை போடற எடத்துலங்க. சாக்கை இறக்கும்போது."

"குனியும்போதா? சரிதான். நிறைய பேருக்குக் குனிஞ்சு நிமிரும்போதுதான் கிளம்பும். வீட்டிலயும் குனிஞ்சா வருமா?"

"கூட்டும்போது வந்திருக்குங்க." குரல் தேய்ந்தது. "அப்பவெல்லாம் இவரை நினைச்சிட்டு இருந்தேன்னு நினைச்சுக்கிட்டேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

திரும்பி வரும் பஸ் மலை ஏறி முடித்தது. மாமா தூங்கிவிட்டார். நான்தான் வாயைத் திறந்து கெடுத்தேன். "மாத்திரையே சாப்பிடலாமே இந்து. சூடு கீடெல்லாம் எதுக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "மாத்திரை போட்டா குறையும், சூடு வச்சா சுத்தமாப் போயிரும். சுத்தமாப் போயிட்டா என்னாகுமோன்னு உங்களுக்குப் பயம். சரிதானுங்களா?"

நான் டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

"நோவு எனக்கு, பெருமை உங்களுக்கா?" என்றாள். "கண்ணு இருட்டி விழுந்தது நானுங்க."

வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நோயோடு வாழப் போகிறவள் அவள். அதை என் அழகுக்குச் சான்றிதழாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். "தப்புத்தான். அடைச்சிரலாம்" என்றேன்.

"அடைச்சிரலாம். ஆனா பத்திரிகை அடிக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. சரியாகி வந்து உங்க தராசுல ஒரு சாக்கு இறக்கறேன். அப்புறம் சொல்றேன், கல்யாணம் உண்டா இல்லையான்னு. படபடத்தது நோவா, ஆசையான்னு எனக்கே தெரியல, என்னத்தைச் சொல்ல?"

கார்த்திகையில் சிகிச்சை நடந்தது. இரண்டு மணி நேரம். அவள் விழித்துத்தான் இருந்தாளாம். வேண்டுமென்றே படபடப்பைக் கிளப்பிவிட்டு, பாதை எங்கே என்று தேடிச் சுட்டார்களாம். "இருநூறு வரைக்கும் போச்சுங்க, நீங்க இல்லாமலே" என்று வெளியே வந்ததும் சொன்னாள். மாமா சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள்.

அந்தக் கொஞ்ச நாள் எனக்கு மூன்று வாரம். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இருமிக் காட்டினேன். நீலச் சட்டைகளைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

டாக்டர் சரி என்ற மறுநாள் வேலைக்கு வந்தாள். நல்ல மழை. பகல் எடைக்குக் கொட்டகை நிறைந்திருந்தது. விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் தன் சாக்கை எடை போட்டவள் ஒருத்தியும் கிளம்பவில்லை. இந்து வந்தாள். குனிந்தாள். சாக்கை இறக்கினாள். நிமிர்ந்தாள்.

கெஸியாதான் கேட்டாள். "என்னடி?"

இந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லை. சாதாரணமா இருக்கு."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. தராசைப் பார்த்தேன். "இருபத்தி நாலு. தண்ணிக்கு ரெண்டு கிலோ" என்றேன்.

"எதுக்கு ரெண்டு கிலோ?"

தலையை நிமிர்த்தினேன். இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"மழைங்க..."

"மழை இப்பத்தான் புடிச்சுது. நான் பறிச்சது காலையில, வெயில்ல. சாக்கைப் பிழிஞ்சு காட்டட்டுங்களா? சொட்டுத் தண்ணி வந்தா அஞ்சு கிலோ கழிச்சுக்குங்க. ரெண்டு வருசமா சண்டை போட்டா படபடப்பு வந்திருமோன்னு வாயை மூடிட்டு நின்னேன். இனிமே ஒரு கிராம் விடமாட்டேன், ஆமா!"

கொட்டகையே ஆரவாரம் போட்டது. அவள் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். துளி ஈரம் இல்லை. கண்ணில் அப்படி ஒரு கோபம், அதற்குக் கீழே ஒரு சிரிப்பு. இவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்கு இதுவரை தெரியாது. "இருபத்தி நாலே போட்டுக்கறேன்" என்று எழுதப் போனேன். நாலு கோணலாக விழுந்தது. காதுக்குள் மத்தளம்.

"இந்து," என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கு நெஞ்சு படபடங்குது."

அவள் முகம் மாறியது. சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். உதட்டுக்குள் எண்ணினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"குனிஞ்சீங்களா?"

"இல்லைங்க. வந்ததுல இருந்து நிமிந்துதான் நிக்கறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா குனியலைங்க."

அவள் என் கையை விடவில்லை.

"அப்பச் சரி," என்றாள். "பத்திரிகை அடிக்கக் குடுங்க."