அரை நூல் கூட்டிப் போட்ட கோடு

வயர் இல்லாத அறுப்பு மிஷினை என் தம்பி கொண்டுவந்து கொடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை. அவன் கருவிக் கடையில் வேலை செய்கிறான். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் திருப்பிவிடலாம் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கல்யாணத்தன்று என்னைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"கடிக்காது மாமா. பேட்டரியே இன்னும் போடலை" என்றான் தம்பி.

எங்கள் வேலை முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவு என்னுடையது, அறுப்பு அவருடையது. நான் டேப்பைப் பிடித்து, மூலைமட்டம் வைத்து, பென்சிலால் கோடு போடுவேன். அவர் கோட்டைப் பார்த்து அறுப்பார். டேப்பைக் கையால் தொடமாட்டார். எண்களோடு அவருக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை. நான் வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்வார். கோடு போட்டு முடித்தபின் என் இரண்டாவது வேலை, அவர் பின்னாலேயே மிஷினின் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது. பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

அவருக்குப் பட்டப்பெயர் அரைநூல். தச்சுக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அதில் அரை நூல்கூடப் பிசகாமல் அறுக்கிற ஆள் என்று கட்டட மேஸ்திரி ஒருவர் வைத்த பெயர் அது. அரைநூல் வீடு எது என்று கேட்டால் எங்கள் தெருவில் நடக்கப் பழகுகிற குழந்தையும் கை காட்டும்.

அந்த அரை நூலை இத்தனை வருடமும் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் சொன்னதில்லை.

பழைய மிஷினில் மோட்டார் ஒரு பக்கம், பிளேடு அதற்கு அந்தப் பக்கம். கோடு தெரிய வேண்டுமானால் மோட்டாருக்கு மேலே எட்டி, கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். அவர் அப்படி எட்டும்போது கையும் சேர்ந்து சாயும். பலகை அரை நூல் குறைந்துவிடும். என்றைக்கும் அதே அரை நூல்தான். கல்யாணமான புதிதில் நான் டேப்பைச் சந்தேகப்பட்டு மூன்று டேப் மாற்றினேன். பிறகுதான் பிடிபட்டது. பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்த அன்றைக்கே, மேஸ்திரி எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்து, கண்ணை எங்கே அடகு வைத்துவிட்டு வந்தாய் என்று கேட்டுவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் ஒவ்வொரு கோட்டையும் அரை நூல் கூட்டிப் போட்டேன். எட்டு ஜன்னல் கதவுகளும் சட்டத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தன. மேஸ்திரி தோளில் தட்டிப் பெயரும் வைத்தார். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தவளுக்கு எப்படி வாய் வரும்? இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தேன். போய்க்கொண்டே இருந்தது.

கழுத்துதான் போகவிடவில்லை. இடது பக்கம் பார்க்க வேண்டுமானால் இப்போதெல்லாம் அவர் ஆளோடு திரும்புவார். சாயங்காலமானால் வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒற்ற வேண்டும். இப்படியே வளைத்துக்கொண்டிருந்தால் இரண்டே வருடத்தில் வலது கை மரத்துப்போகும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிளேடு கண்ணுக்கு எதிரே இருக்கிற மிஷின் வந்தால் கொண்டு வா என்று தம்பியிடம் சொல்லி வைத்ததும் அதனால்தான்.

பேட்டரி உள்ளே போய் உட்கார்ந்ததும் நான்கு பச்சைப் புள்ளிகள் எரிந்தன. கழிவுப் பலகை ஒன்றில் நான் ஒரு கோடு போட்டேன். அவர் விசையை அழுத்தினார். பழைய மிஷின் எடுத்ததுமே அலறும். இது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே சுரத்தில் பாடியது. இரண்டங்குல மரத்தில் இறங்கியதே தெரியவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டதுபோலப் போயிற்று. விரலை எடுத்ததும் பிளேடு அந்த இடத்திலேயே நின்றது. பழையது நிற்பதற்குக் காத்திருந்தே பழகியவர்கள் நாங்கள். திடீரென்று வந்து விழுந்த அமைதியில் மூன்று பேரும் அப்படியே நின்றோம். கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மரத்தூள், இறங்க மனமில்லாததுபோல, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"கோடு தெரியுது" என்றார் அவர். முதுகு நேராக இருந்தது. "இத்தனை நாளா கோட்டை நான் மனசுல நினைச்சுக்கிட்டுத்தான் அறுத்திருக்கேன் போல."

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து மூன்று நாள் வீட்டில் யாரும் தரையில் நடந்ததாகச் சொல்ல முடியாது. கையில் மிஷினோடு அவர் கொல்லைக்குப் போனார், மாடிப்படி ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். எங்கே நின்றாலும் அங்கே வேலை நடந்தது. மூலையில் சாத்தியிருந்த கழிவுத் துண்டுகள் எல்லாம் இன்னும் சின்னத் துண்டுகளாயின. ஆடுகிற ஸ்டூலின் ஒரு காலைச் சரி செய்வதாக ஆரம்பித்து நான்கு காலையும் மாற்றி மாற்றிக் குறைத்தார். அது கடைசியில் ஆடாமல் நின்றது, ஆனால் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வந்தது. துணி காயப்போடுகிற கம்பை நான் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அவர் நடக்கிற பக்கமெல்லாம் நானும் நடந்தேன். புதன்கிழமை எட்டிப் பார்க்க வந்த தம்பி, எதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாய் அக்கா என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன். என் வலது கை, தோள் உயரத்தில், இல்லாத வயரைத் தூக்கிப் பிடித்திருந்தது.

ஒரு மதியம் அவர் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, பலகைகளைக் காகிதம் மாதிரி சன்னமாகச் சீவிக்கொண்டிருந்தார். அதற்கு எந்தத் தேவையும் இல்லை. கீழே நின்ற எனக்கு அந்த ஒற்றைச் சுரம் மட்டும் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. மேலிருந்து தூள் பறந்து வந்து என் கைமேல் உட்கார்ந்தது. அதைத் தட்டிவிடத் தோன்றவில்லை. எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, அடங்கியும் விட்டிருந்தது. பிறகு அவர் இறங்கி வந்து பாயில் சாய்ந்தார். வெந்நீர் கேட்கவில்லை. தூக்கத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் மடங்கி மடங்கி நீண்டது. அங்கேயும் அறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மயக்கத்தில்தான் நானும் இருந்திருக்கிறேன். இல்லாவிட்டால் வியாழக்கிழமை அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

மருந்துக்கடைக்காரர் சுவர் அலமாரி ஒன்று கேட்டிருந்தார். சட்டம் தயார். இரண்டு பக்கமும் வெட்டியிருந்த பள்ளங்களில் பதினொரு தட்டுகள் செருக வேண்டும். நான் டேப்பைப் பிடித்து, பதினொன்றுக்கும் கோடு போட்டேன். அவர் ஒரே மூச்சில் அறுத்து முடித்தார். முதல் தட்டைச் சட்டத்துக்குள் வைத்தால் போகவில்லை. கொட்டாப்புளியால் தட்டினார். போகவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கூட்டிப் போட்டிருக்கிறேன். கூட்டுகிறோம் என்பதையே என் கை எப்போதோ மறந்துவிட்டது. அதற்கு அதுதான் அளவு. இந்த மிஷினோ, போட்ட கோட்டில் போட்டபடியே போயிருக்கிறது.

அவர் பதினொரு தட்டையும் வைத்துப் பார்த்தார். பிறகு, நம்பி வீட்டுக்குள் விட்ட ஆள் கைவரிசை காட்டிவிட்டதுபோல மிஷினைப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றினார். இரண்டையும் பெட்டியில் வைத்து மூடினார். சாயங்காலம் பழைய மிஷினை எடுத்து எண்ணெய் போட்டார். கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் போட்டார்.

வெள்ளிக்கிழமை தம்பி வந்ததும் விஷயத்தைக் கேட்டு முகம் சுருங்கினான். பிளேடு மெல்லிசு மாமா, மரத்தைக் குறைச்சலாகத் தின்னும், அதனால் இருக்கலாம் என்றான். நல்ல சாக்கு அது. நானும் ஆமாம் போட்டுவிட்டு, நாளையிலிருந்து சரியான கோடு போட ஆரம்பித்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மெல்லிசா இருந்தா மயிரிழை வித்தியாசம் வரும் மாப்பிள்ளை. அரை நூல் வருமா? ரெண்டு மிஷினையும் வச்சுப் பார்த்துடுவோம். ஒரே பலகை, ஒரே அளவு. எது பொய் சொல்லுதோ அது வெளியே போகட்டும்."

பிறகு என்னைப் பார்த்து, தட்டின் அளவுக்கு இரண்டு பலகையில் கோடு போடச் சொன்னார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கு மூன்று வழி இருந்தது. பழையபடி கூட்டிப் போட்டால் பழைய மிஷின் ஜெயிக்கும், புதியது கடைக்குத் திரும்பும், அவர் கழுத்து மோட்டாருக்கு மேலே போய்விடும். ஒன்றைக் கூட்டியும் ஒன்றைச் சரியாகவும் போட்டால் இரண்டு மிஷினும் ஜெயிக்கும்; என் பொய் ஒன்று இரண்டாகும். இரண்டையும் சரியாகப் போட்டால் அவர் பெயர் போகும். டேப்பில் சரியான புள்ளியில் பென்சில் முனையை வைத்தேன். கை தானாக நகரப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கோட்டையும் சரியாகவே போட்டேன்.

முதலில் பழையது. அவர் எட்டினார், வளைந்தார். நான் வயரைத் தூக்கிப் பிடித்தேன். அலறல் ஓய வழக்கம்போலக் காத்திருந்தோம். பிறகு புதியது. புதியது அறுத்த பலகையைச் சட்டத்தில் வைத்தார். மெல்லிய சத்தத்தோடு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பழையது அறுத்ததை வைத்தார். ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி விட்டு அது ஆடியது.

தம்பிக்குத் தாங்கவில்லை. "பார்த்தீங்களா மாமா, பழசுதான் பொய் சொல்லுது."

"பத்தொன்பது வருஷமா சொல்லலையே" என்றார் அவர், மெதுவாக. பலகைகளை எடுத்து, இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை விரலால் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார், ஆளோடு.

"மாப்பிள்ளை, போய் மூணு டீ வாங்கிட்டு வா."

தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

"நேத்து போட்ட கோடும் இன்னைக்குப் போட்ட கோடும் ஒண்ணா?"

"இல்லை."

"எவ்வளவு?"

"அரை நூல்."

"எப்பலேர்ந்து?"

"அந்த எட்டு ஜன்னல்லேர்ந்து."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அது குட்டையானது அவருக்கு மறந்திருக்க வேண்டும், பொத்தென்று போனார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மூன்று டேப் மாற்றியது, மேஸ்திரி கேட்டது, அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. சொல்லியிருந்தால் மனசு உடைந்து தொழிலையே விட்டிருப்பீர்கள் என்று பயந்தேன் என்றேன்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றார். "கத்துக்கிட்டிருப்பேன்."

 இருபத்தெட்டு வயதில் கற்றிருக்கக்கூடிய ஒன்றை, அவர் மனம் நோகக் கூடாதென்று நான் எடுத்து ஒளித்துவிட்டேன் என்பது அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. வெளிச்சத்தில் தூள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

டீ வந்தது. என்ன ஆச்சு மாமா என்று தம்பி கேட்டான். பழசுக்கு வயசாயிடுச்சு, புதுசு இங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். டம்ளரைக் காலி செய்து வைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார்.

"டேப்பைக் குடு."

ஒவ்வொரு தட்டாக அவரே அளந்தார். உதடு அசைய, விரல் வைத்து, ஒவ்வொரு எண்ணாக. ஒரு தடவை மட்டும், இந்தச் சின்னக் கோடு என்ன என்று நிமிராமலே கேட்டார். சொன்னேன். எனக்கு முக்கால் மணியில் முடிகிற வேலை அன்றைக்கு வெயில் சாயும்வரை இழுத்தது. நான் குறுக்கே போகவில்லை. பலகையின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அளந்து முடித்ததை ஒவ்வொன்றாக ஓரம் சீவினார். எடுக்க வேண்டியது பிளேடின் தடிமன் அளவுதான் என்பதால், துண்டு என்று எதுவும் கீழே விழவில்லை. அந்த அரை நூல் முழுக்கத் தூளாகவே போயிற்று. தட்டுகள் ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் போய் அமர்ந்தன.

கடைசித் தட்டு வந்ததும் நின்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நீ போடு."

போட்டேன். இத்தனை வருடமும், நான் பென்சிலை எடுப்பதற்குள் அவர் மிஷினை வைத்துவிடுவார். அன்றைக்கு வைக்கவில்லை. குனிந்து, என் கோட்டின்மேல் டேப்பை வைத்து அளந்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

என் கோட்டைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பலகையின் முனையைப் பிடித்தபடி நின்றேன். அவர் டேப்பைச் சுருட்டவில்லை. முதலிலிருந்து இன்னொரு தடவை அளக்க ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன்.