சகலை பேரைச் சொன்னால் போதும்

சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் மாமனார் வீட்டில் கதிரேசன் இல்லாமல் ஒரு குக்கர்கூட வாங்க மாட்டார்கள். பீரோ, ஃப்ரிட்ஜ், நகை, கல்யாண மண்டபம், எதுவானாலும் மூத்த மாப்பிள்ளை கூட வரவேண்டும். பேரத்தில் அவன் அப்பேர்ப்பட்ட ஆள். கடைக்காரன் விலையைச் சொன்னதும் பதில் பேசாமல் ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கே பாதி விலை இறங்கிவிடும். இத்தனைக்கும் அவனே மயிலாப்பூர் குளத்துப் பக்கம் எவர்சில்வர் கடை வைத்திருக்கிறவன். 'ஒரே விலை' என்று போர்டு வேறு மாட்டியிருக்கிறான். தன் கடையில் ஐந்து ரூபாய் குறைக்க மாட்டான், அடுத்தவன் கடையில் ஐந்து காசு விடமாட்டான்.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சீதாவைக் கட்டியவன் கதிரேசன். இளையவள் ஷண்முகப்ரியாவைக் கட்டியவன் பொன்னுரங்கம், வாடகை ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த சகலைகளை உறவுக்காரர்கள் எடைபோட்டுப் பார்க்காமல் விடுவார்களா? போட்ட எடையில் எப்போதும் கதிரேசன்தான் ஒரு படி மேலே நின்றான். பொன்னுரங்கத்துக்கு அதில் பொறாமை இருந்ததாகத் தெரியவில்லை. "எங்க சகலை மாதிரி வருமா?" என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

இப்படிப்பட்ட கதிரேசன் போன தை மாதம் அடையாறில் ஒரு கார் ஷோரூமுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உட்கார்ந்திருந்தான்.

சீதா அன்றைக்குக் கூட வரவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் ஏசி காற்று முகத்தில் அடித்தது. செருப்பை வெளியே விட வேண்டுமோ என்று ஒரு நிமிடம் தடுமாறினான். ஸோஃபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். ரூஹி என்று கழுத்தில் அட்டை தொங்கிய பெண், விலையை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். வண்டி விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், கடைசியாக 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று பன்னிரண்டாயிரம்.

"இது எதுக்கும்மா?"

"யார்டுலேருந்து வண்டியக் கொண்டாந்து, வாஷ் பண்ணி, செக் பண்ணி, டெலிவரிக்கு ரெடி பண்றதுக்கு சார்."

விற்கிற வண்டியைத் துடைத்துக் கொடுக்கத் தனிக்கூலியா! கதிரேசனும்தான் குடத்தைத் துடைத்துக் கொடுக்கிறான், அதில் பேரும் வெட்டிக் கொடுக்கிறான். ஒருநாளும் அதற்குக் காசு கேட்டதில்லை. 'அது கட்டவேண்டிய பணமே இல்லை, அழுத்திக் கேட்டால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவான்' என்று கடைத்தெருவில் நாலு பேர் சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். அவன் தன் சிரிப்பைத் தயார் செய்துகொண்டான்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கோட்டு, டை. இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு, "உங்கள மாதிரி கஸ்டமர்ஸ் இதையெல்லாம் பாக்க மாட்டாங்க சார்" என்று முடித்தார். பக்கத்து ஸோஃபாவில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான். கதிரேசனுக்குக் காது இரண்டும் சுட்டது. ரங்கநாதன் தெருவில் நூறு பேர் நடுவில் தொண்டை கிழியப் பேரம் பேசுகிறவனுக்கு அந்த நாலு பேர் பார்வையைத் தாங்க முடியவில்லை. 'அற்பன் என்று நினைத்துவிட்டால்?' என்று கூசிப்போனான்.

"சேச்சே, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்று கார்டை நீட்டினான். அதோடு விட்டானா? தேங்க்ஸ் வேறு சொன்னான்.

அன்று சாயங்காலம் மாமனார் கேட்டார்: "ஹேண்ட்லிங்கு அது இதுன்னு புடுங்குவானுங்களாமே மாப்ளே, உங்ககிட்ட கேக்கலையா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆனால் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது. "கேட்டான் மாமா. ஒரு சிரிப்புச் சிரிச்சேன். எடுத்துட்டான்" என்றான் கதிரேசன். சீதா பெருமை தாங்காமல் தங்கையின் தொடையில் கிள்ளினாள்.

பொய் அன்றோடு செத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது சித்திரை வரைக்கும் உயிரோடு இருந்தது. பொன்னுரங்கம் சீட்டுப் பணம் எடுத்து, வாடகை ஆட்டோவை விட்டுவிட்டு, கால் டாக்ஸிக்காகச் சொந்தமாக ஒரு கார் வாங்கக் கிளம்பினான். மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பேச்சை எடுத்தான்.

"சகலை, நீ எடுத்த அதே ஷோரூமுக்குத்தான் போறேன். லோனு போக முன்பணத்துக்குக் கரெக்டா கீது. அந்த ஹேண்ட்லிங் மேட்டருதான் இடிக்குது. நீயும் கூட வர்றியா?"

கூடப் போவதா? அந்த ஸோஃபாவில் மறுபடி உட்காருவதா? "நான் எதுக்கு? என் பேரைச் சொல்லு, போதும்" என்றான் கதிரேசன், அப்பளத்தை நொறுக்கியபடி.

"அப்போ அந்தத் துட்ட கணக்குல சேக்க வேணாம்ல?"

"வேணாம்."

இந்த ஒரு சொல்லை நினைத்துத்தான் பின்னால் அவன் பல நாள் சோறு இறங்காமல் இருந்தான். தை மாதம் சொன்னது வெறும் ஜம்பம். இது அப்படி இல்லை. கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவன் ஒருத்தன் நேருக்கு நேர் கேட்டான், இவன் தெரிந்தே அவனைப் பள்ளத்தில் இறக்கினான். தனியாகக் கூப்பிட்டு 'ரங்கம், நான் கட்டித்தான்டா எடுத்தேன்' என்று சொல்ல இரண்டு வாரம் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே அத்தனை நாளும் போயின.

பணம் கட்டுகிற நாள் வந்தது. கதிரேசன் கடையில் ஒரு அம்மாளுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. திரையில் பொன்னுரங்கம். கதிரேசன் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்த தட்டு அடுக்கின் மேல் போனைக் குப்புறக் கவிழ்த்தான். அது அடங்கவில்லை. அடங்காமல் அதிர்ந்ததில் அடுக்கு முழுவதும் கிடுகிடுவென்று ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது.

"யாரோ அவசரமாக் கூப்பிடறாங்க போல, எடுங்களேன்" என்றாள் அந்த அம்மாள்.

"லோன் வேணுமான்னு கேக்கறவங்கம்மா. இதே வேலை அவங்களுக்கு" என்றான் கதிரேசன்.

மூன்றாவது தடவை அடித்து ஓய்ந்தபின் போன் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. சாயங்காலமாவது திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் காலை வடபழனி கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. வெள்ளைக் கார், மஞ்சள் நம்பர், கண்ணாடியில் சாமந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. கதிரேசன் சீதாவின் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் முன்னால் நிஜப் பூசணிக்காயைச் சுற்றி நடுரோட்டில் உடைத்தார்கள்.

மாமனார் சும்மா இருக்க மாட்டாரே. "என்னா ரங்கம், அந்தப் பணத்தக் கணக்குலேருந்து எடுத்தானுங்களா?"

கதிரேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கத்தரிக்காய் முற்றிவிட்டது, இனி கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

"எடுக்காம?" என்றான் பொன்னுரங்கம், டயரில் சந்தனத்தை வைத்துக்கொண்டே. "சகலை பேரைச் சொன்னேன். மேனேஜரே எந்திரிச்சு வந்துட்டாரு."

"பாத்தியா!" என்று மாமனார் கை தட்டினார். சீதா கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பூரிப்பு. கதிரேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பேருக்கு அந்த ஷோரூமில் என்ன மதிப்பு என்பது அவனுக்குத் தெரியாதா?

அப்போதுதான் சீதா கேட்டாள்: "ஏன்டி ப்ரியா, கல்லு கம்மல் எங்கடி? இது என்னா கவரிங்கப் போட்டுனு வந்திருக்கே, நல்ல நாள் அதுவுமா?"

"திருகாணி லூசாயிடுச்சுக்கா. கடையில குடுத்திருக்கேன்" என்றாள் ஷண்முகப்ரியா. சொல்லிவிட்டுக் குனிந்து கற்பூரத் தட்டை எடுத்தாள்.

அந்தக் கம்மலைக் கதிரேசனுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய கல்யாணத்துக்கு தி.நகரில் அதை வாங்கியபோது செய்கூலியிலும் சேதாரத்திலும் அடித்துப் பேசிக் குறைத்தது அவன்தான். அதன் திருகாணி எவ்வளவு கெட்டி என்பதும் தெரியும். முந்தாநாள் வரை காதில் இருந்த கம்மல் நேற்று எதற்காக அடகுக்கடைக்குப் போயிருக்கும் என்பதை அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை நகர்த்தியதும் பொன்னுரங்கம் முன்கதவைத் திறந்தான். "வா சகலை. மொத சவாரி நீதான். போணி பண்ணு."

சவாரிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் முதல் போணியை ராசியான கையில்தான் வாங்குவார்கள். மறுக்க முடியாது. கதிரேசன் ஏறினான். கிழிக்காத பிளாஸ்டிக் உறை அவனுக்குக் கீழே சரசரத்தது. வண்டி நூறடி ரோட்டில் திரும்பியது.

"ரங்கம், நேத்து போன் அடிச்சே…"

"கடையில கூட்டமா இருந்திருக்கும்."

"கூட்டம் இல்ல. வேணும்னுதான் எடுக்கல." கதிரேசன் தன் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நானும் அந்தப் பணத்தைக் கட்டித்தான்டா எடுத்தேன்."

"தெரியும்" என்றான் பொன்னுரங்கம், ரோட்டைப் பார்த்தபடி. "உன் பேரச் சொன்னேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு, அவரு கட்டினாரே சார், தேங்க்ஸ்கூட சொன்னாரேன்னுச்சு. பக்கத்துல ப்ரியா குந்தினு கீறா. அவதான் கம்மலக் கழட்டினா. நான் கேக்கல."

"பின்ன ஏன்டா மாமாகிட்ட அப்படிச் சொன்னே?"

"உன்னக் காப்பாத்தணும்னு நெனச்சுக்காத சகலை." பொன்னுரங்கத்தின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் ஏறியது. "எனக்குக் கோவம் கீது. ஒரு மணி நேரம் அந்த ஸோஃபாவுல குந்தினு உனுக்கு மூணு தபா போன் போட்டேன். ஆனா உன்னக் காட்டிக் குடுத்தா, உன்ன நம்பிப் போன நான்தான் எல்லாருக்கும் கேணையன். எனுக்கும் மானம் கீதுல்ல?"

கதிரேசன் சட்டைப்பையில் கைவிட்டான். பாங்கில் கட்ட வைத்திருந்த கடைப்பணம் அப்படியே இருந்தது. கட்டோடு எடுத்து நீட்டினான். "போணின்னு வெச்சுக்கோ. கம்மலை மீட்டுடு ரங்கம்."

பொன்னுரங்கம் வண்டியை ஓரம் கட்டினான். கட்டிலிருந்து ஒரே ஒரு நூறு ரூபாய் நோட்டை உருவிக் கண்ணில் ஒற்றி, முருகன் படத்துக்கு அடியில் செருகினான். மீதியைக் கதிரேசன் பையிலேயே திணித்தான். "போணிக்கு இது போதும். கம்மல நான் மீட்டுக்கறேன்."

அந்தப் பணம் பைக்குள் இருந்து நெஞ்சைச் சுட்டது.

திரும்பி வந்தபோது மாமனார் ஸ்பீக்கரில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ளே, வாங்க! நம்ம தெரு இனாயத் பாய் லைன்ல கீறாரு. அவரு பையனுக்கு வண்டி எடுக்கறாராம். உங்க பேரச் சொல்லச் சொல்லட்டுமா?"

இன்னொருத்தன் வீட்டுக் கம்மலா? கதிரேசனுக்குள் ஏதோ அறுந்தது. போன தை மாதத்திலிருந்து மென்று விழுங்கியதையெல்லாம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "என் பேரைச் சொல்லாதீங்க மாமா. நானும் அந்தப் பணத்தைக் கட்டித்தான் வண்டி எடுத்தேன். கேக்கத் தைரியம் இல்ல. பொய் சொன்னேன். ரங்கமும் நேத்து கட்டித்தான் எடுத்தான்."

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீங்களா பாய்? எங்க மாப்ளைக்கு எவ்ளோ அடக்கம் பாருங்க! ஆளாளுக்கு அவர் பேரச் சொன்னா அந்த மேனேஜர் பொழப்பு என்னா ஆவுறது, அத யோசிக்கறாரு!"

"ஐயோ, நிஜமாத்தான் மாமா…"

"ஆமாமா, நிஜந்தான், நிஜந்தான்!" போனுக்குள் இருந்து இனாயத் பாயும் சிரித்தார். சீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவன் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. பொன்னுரங்கம் சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சைத் தோலைக் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை.

ஷண்முகப்ரியா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது புதுச்செய்தியும் இல்லை. எல்லோரும் சிரித்து ஓயும்வரை நின்றிருந்துவிட்டு, கதிரேசனுக்குப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க மாமா. வெயில் ஏறுது" என்றாள், என்றைக்கும் பேசுகிற அதே மரியாதையோடு.

அவள் காதருகே குனிந்துதான் உள்ளே ஏற வேண்டியிருந்தது. கதிரேசன் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான்.