மாநாட்டுக்குப் போன வத்தல் லோடு

திருச்சுழிக் கண்மாய்கள் ஏன் நிறைவதில்லை என்று நான் எழுதிய கட்டுரையை, மெட்ராசில் அறிஞர்கள் மாநாட்டுக்கு வந்து வாசிக்கச் சொன்னார்கள். நாற்பத்தாறாம் வருஷம் அது. பயணச் செலவு என் பொறுப்பாம். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம் மதுரையைத் தாண்டாது. பாளையம்பட்டி மிளகாய் வத்தல் வியாபாரி அருஞ்சுனையிடம் போய்ச் சொன்னேன்.

“இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டீக, வாத்தியாரே? நம்ம வத்தல் லோடு மெட்ராசுக்குத்தான் போகுது. மூட்டை மேல உக்காந்துக்கிடுங்க. வழியெல்லாம் நம்ம ஆளுக கடை இருக்கு. என் பேரச் சொன்னா சோறு போடுவாக.”

போட்டார்கள். மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் என் சட்டைப் பொத்தான்கள் தெறித்துவிட்டன.

வழியெல்லாம் வத்தல் மூட்டை மேல் கிடந்த கட்டுரையை மேடையில் எடுத்து உதறி விரித்தேன். முன்வரிசை அறிஞர்கள் தும்மினார்கள். பின்வரிசை வரைக்கும் கண்ணீர் வழிந்தது. தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒரு வறண்ட சீமைக்காக இந்தச் சபை இப்படி அழுததே இல்லை” என்றார். அடுத்த வருஷம் ரயில் சார்ஜைத் தாங்களே தருவதாகவும் அறிவித்தார்.

ஊர் திரும்பியதும் நேரே அருஞ்சுனை கடைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். “எல்லாம் உங்க புண்ணியம், அண்ணாச்சி.”

“வெறுங்கையோட ரயில்ல போனா ஒருத்தரும் அழ மாட்டாக. மடியில ரெண்டு வத்தல் வச்சுக்கிடுங்க” என்றார் அருஞ்சுனை, கண்ணைத் துடைத்தபடி.

சரக்கெல்லாம் லோடில் போய்விட்டதால், அன்று அந்தக் கடையில் ஒரு வத்தல்கூட இல்லை.